இசைச் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நவராத்திரிக் கச்சேரிகளும் தியாகராஜர் ஆராதனையும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் வகுப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆண்டு எல்லோரும் கேள்வி கேட்டதும் அதைப் பற்றியே.

"மாசக்கணக்கா வர்றாங்க, இன்னும் சரளி வரிசையே ஆரம்பிக்கலையே?" என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். சரளி வரிசை என்பது ச ரி க ம-வை ஏறியும் இறங்கியும் பாடும் முதல் பாடம். நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளை வாயால் 'ரி' என்று சொல்லும்; குரல் ச-விலேயே நிற்கும். ஐந்தாறு வயதில் முதலில் பழக வேண்டியது காது என்று ஆசிரியைகள் சொன்னார்கள், செயற்குழுவும் ஏற்றது.

அதற்காகக் கூடத்துத் தரையில் பாண்டிக் கட்டம் வரைந்தோம். கீழ் ச முதல் மேல் ச வரை, அரைச்சுரத்துக்கு ஒன்றாக, 13 கட்டங்கள். டீச்சர் சுரத்தின் பெயரைச் சொல்லாமல் 'ஆ' என்று அகாரமாகப் பாடுவார். பிள்ளை அந்தச் சுரத்தின் கட்டத்துக்குக் குதிக்க வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் ச-வுக்கு அடுத்த கட்டமே ரி. அங்கிருந்து க-வுக்குப் போக நடுவில் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும். சங்கராபரண ராகத்திலோ ச-விலிருந்து ரி-க்கும் ரி-யிலிருந்து க-வுக்கும் ஒவ்வொரு கட்டம் தாண்டினால் போதும். சுத்த ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம் என்ற பெயரெல்லாம் தெரியாமலே, "இது கிட்ட ரி, அது தள்ளி ரி" என்று வாண்டுகள் சொல்லத் தொடங்கிவிட்டன. பெயர் பிறகு வரட்டும்.

பாட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைத் தழுவியவை என்பதால் மூத்த உறுப்பினர் சிலருக்கு முகம் சுளித்தது. ஆனால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்பதால்தான் குழந்தைக்கு அது பிடிபடுகிறது. 'சக்தி ஸஹித கணபதிம்' இப்போது எல்லோருக்கும் பாடம்.

பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றித் தட்டிய நாளில்தான் கூட்டம் அதிகம். நீர் ஏற ஏறச் சுருதி இறங்கும். ப சேரும்வரை கரண்டியால் ஊற்றி, மொண்டு, மறுபடி ஊற்றி ஒரே அமர்க்களம். கூடத்தைத் துடைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கு நன்றி.

ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் பிள்ளைக்குக் கேட்டவுடன் பெயர் சொல்ல வருமா என்று ஒரு தந்தை கேட்டார். நமக்கு அது தேவையில்லை. பாடுகிறவர் வைத்த இடம்தான் ச. மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதே கணக்கு. அதனால் ச-வின் உயரத்தைப் பிடித்துத் தரும் சுருதிப் பெட்டியை ஒரு வாரம் நாலரைக் கட்டைச் சுருதியிலும் மறுவாரம் ஐந்திலும் பிறகு ஆறிலும் வைத்துப் பழக்கினோம்.

குறையும் உண்டு. கூட்டமாகக் குதிக்கும்போது பலர் முன்னால் இருப்பவரைப் பார்த்தே குதிக்கிறார்கள். தனியே நிறுத்திக் கேட்டால் விழிக்கிறார்கள். வரும் ஆண்டில் வகுப்பை இரண்டாகப் பிரிக்கவும், இன்னொரு சுருதிப் பெட்டி வாங்கவும் தீர்மானம் வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்