எந்த வழக்குக்கு எந்தக் கோர்ட்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கோர்ட்டுக்குப் போனால் இருப்பதும் கரைந்துவிடும் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் நொந்து எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் நான் பார்த்தவரையில் நம்மவர்களின் காசும் காலமும் கரைவது, பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் நிற்பதால்தான்.

என் கதையே இருக்கிறது. வீட்டு முன்வாசலில் கூரை போட ஒரு கண்ட்ராக்டரிடம் 2,800 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கொடுத்தேன். நான்கு இரும்புத் தூண்களை நட்டுவிட்டுப் போனவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. போலீசுக்கு ஓடினேன். "இது சிவில் கேஸ், அங்கிள்" என்று ரிப்போர்ட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லாயர் கேட்ட கட்டணமோ, நான் பறிகொடுத்ததைவிட அதிகம்!

பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான், பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தவர்கள் முறையிடும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். பாரத்துக்குக் கட்டணம் 5 வெள்ளி. லாயர் கிடையாது, நாம்தான் பேச வேண்டும். ரெசிட்டில் மை மங்கிவிட்டது. அதனால் வாட்ஸ்அப்பில் பேசியதையெல்லாம் அச்சடித்து, மொட்டைத் தூண்களின் படத்தோடு கொண்டுபோனேன். அந்த மனிதர் விசாரணைக்கு வரவில்லை, தீர்ப்பு எனக்குச் சாதகமானது. 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் குற்ற வழக்காகும் என்று தெரிந்ததும் பணத்தோடு அவரே வீடு தேடி வந்தார்.

இதே பணத்தை நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்து ஏமாந்திருந்தால் நடுவர் மன்றம் வாங்காது. அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 5,000 வெள்ளி வரைக்குமான சிறு வழக்கு முறை இருக்கிறது. அதற்கு மேல் ஒரு லட்சம் வரை அதே கோர்ட், பத்து லட்சம் வரை செஷன்ஸ் கோர்ட், அதையும் தாண்டினால் பினாங்கு லைட் ஸ்திரீட்டில் இருக்கும் உயர் நீதிமன்றம். தொகையை மட்டும் வைத்தும் கணக்குப் போட முடியாது. சாலை விபத்து இழப்பீடு எத்தனை லட்சமானாலும் செஷன்ஸ் விசாரிக்கலாம். முஸ்லிம் அல்லாதவர் விவாகரத்து என்றால், ஒரு காசு தகராறு இல்லாவிட்டாலும் உயர் நீதிமன்றம்தான்.

எனக்கு வயிறு எரிவது வேலை நீக்க விவகாரத்தில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த உறவுக்காரப் பையனைத் தக்க காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். ஆள்பல (தொழிலாளர்) இலாகா, கட்சி சேவை மையம், கோயில் தலைவர் வீடு என்று அலைந்தான். (கோயில் தலைவர் என்ன செய்வார், பாவம்!) சம்பள பாக்கிக்குத்தான் ஆள்பல இலாகா. வேலையைத் திரும்பக் கேட்பதென்றால் தொழிலியல் உறவு இலாகாவில் மனுப் போட வேண்டும். அங்கே சமரசம் ஆகாவிட்டால்தான் தொழிலியல் நீதிமன்றம். வேலை போன நாளிலிருந்து 60 நாள் கெடு. இவன் சரியான கவுண்டரைக் கண்டுபிடித்தது 71ஆம் நாள்.

சட்ட நூல் கேட்கவில்லை, ஐயா. ஞாயிறு பதிப்பில் ஓரமாக ஒரு சிறு கட்டம் கட்டி, வாரம் ஒரு வழக்கு, அதற்கு எந்தக் கவுண்டர், எத்தனை நாள் கெடு என்று தமிழில் போட்டால் போதும். அந்த 60 நாளை முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி,
ஜெலுத்தோங், பினாங்கு