பாடப்பிரிவின் பெயரும் கட்டணமும் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உங்கள் கல்விப் பக்கம் முழுக்கக் கல்லூரி விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருப்பதால், அந்தப் பக்கத்தையும் கல்லூரி ப்ராஸ்பெக்டஸையும் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வரும் பிள்ளைகள் அதிகம். டாக்டர், இன்ஜினியர் என்ற பேச்சைத் தாண்டி, உளவியல் படித்துக் கவுன்சலர் ஆகணும், ஆராய்ச்சிக்குப் போகணும், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கணும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்று படிப்புகளிலும் மாணவர்களுக்கு எது முக்கியமாகத் தெரியவேண்டுமோ, அதுதான் அந்தத் தாள்களில் இருப்பதில்லை.

உளவியலையே எடுத்துக்கொள்வோம். 'பி.எஸ்சி. சைக்காலஜி, வேலைவாய்ப்பு: கவுன்சலர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பாதிப்புகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு இத்தனை காலமும் இருந்த முக்கிய வழி, அந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் முதுகலைக்குப் பிறகு படிக்கும் இரண்டு ஆண்டு எம்.ஃபில். எம்.ஃபில் பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது. இன்று முதலாமாண்டில் சேரும் பெண் மூன்று வருஷம் கழித்து வெளியே வரும்போது எந்த வழியாகப் போகவேண்டும்? விளம்பரம் கொடுத்த கல்லூரிதானே இதற்குப் பதில் சொல்லவேண்டும்?

தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்தவர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், ஊட்டச்சத்துப் படிப்புகளுக்கும் இதே தடைதான். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. மனம் உடைந்து வரும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேட்பதைப் புத்தகத்தை மட்டும் படித்துப் பழக முடியாது. பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்து திருத்தவேண்டும். ஆனால் ரெகுலர் கல்லூரிகளில் மட்டும் அந்தப் பயிற்சி எத்தனை மணி நேரம் நடக்கிறது? எந்த மருத்துவமனையில், யாருடைய மேற்பார்வையில்? ஒரு ப்ராஸ்பெக்டஸிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

தேவை இல்லாத படிப்பும் அல்ல இது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. எங்கள் பள்ளி மாதிரி பள்ளிகளுக்கு நாளைக்கு வரப்போகும் ஆலோசகர்கள் இந்தக் கல்லூரிகளிலிருந்துதான் வரவேண்டும். அரைகுறைப் பயிற்சியோடு வந்தால் பாதிக்கப்படுவது எங்கள் பிள்ளைகள்.

அறிவியல் ஆராய்ச்சியில் குறை வேறு மாதிரி. எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் என்று இருக்கும். ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பணம் கட்டினால் தலைப்பு, முடிவுகள், வரைபடங்கள், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் தயார். என்னிடம் படித்த ஒருவன் தன் ப்ராஜெக்ட்டைக் காட்டினான். நன்றியுரைப் பக்கத்தில் அவன் பெயருக்குப் பதிலாக வேறொரு மாணவியின் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் புத்தகத்துக்கு நல்ல மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். மதிப்பெண் போட்டவர்கள் அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. இப்படி வெளியே வரும் பையன் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. செய்யலாம் என்பதைக்கூட அவனுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் இளநிலை மாணவர்களுக்கே கோடைகால ஆராய்ச்சி வாய்ப்பு தருகின்றன. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிறது.

விஸ்காம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நல்ல ஸ்டுடியோவும் நல்ல ஆசிரியர்களும் உள்ள துறைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஒரே கேமராவைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்க்கும் துறைகளும் உண்டு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

உயர்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, எத்தனை மாணவருக்கு எத்தனை கருவிகள், படித்து முடித்தபின் தொழில் செய்ய வேறு என்ன தகுதி வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டே ஆகவேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பப் பக்கத்திலேயே முதலில் தொடங்கலாம். உங்கள் நாளிதழும் விளம்பரம் தரும் கல்லூரிகளிடம் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கி, கல்விப் பக்கத்தில் வெளியிட்டால் அடுத்த சேர்க்கைக்குள் பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.