வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்

மனிதவளப் பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்றரைக்கு மடிக்கணினியையும் அலுவலகக் கைப்பேசியையும் ஒப்படைத்துவிட்டு, வேலையில்லாமல் வெளியே நின்றேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என் வங்கிக் கணக்கின் ஓடிபி அலுவலக எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊதியச் சீட்டுகள் எல்லாம் அலுவலக மின்னஞ்சலில். எனக்காக இரண்டு வார்த்தை சொல்லக்கூடிய பழைய மேலாளர்களின் எண்கள் ஒப்படைத்த கைப்பேசியில். அம்மாவின் சிகிச்சைக்கு நம்பியிருந்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ஆனாலும் முதல் வாரம் முழுக்க இவற்றுக்காகவே அலைந்தேன்.

இதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்குக் கடவுச்சொல் விதிகள் முதல் விடுப்பு விண்ணப்பம் வரை சொல்லிக்கொடுக்கிறீர்கள். தீ விபத்து ஒத்திகையும் நடத்துகிறீர்கள். ஒத்திகை நடந்ததால் கட்டடம் எரியப்போகிறது என்று யாரும் பயந்து ஓடுவதில்லை. வேலை போனால் என்ன செய்வது என்பதையும் அதே போல் பேசலாம்.

முதலில் காகிதங்கள். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள், வரிச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் சொந்த மின்னஞ்சலில் ஒரு நகல் வேண்டும். வங்கி, வரி, காப்பீடு எதிலும் அலுவலக எண்ணைக் கொடுக்கக் கூடாது. எது தொழிலாளியுடையது, எது நிறுவனத்துடையது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பட்டியலும் கணினி நிரல்களும் நிறுவனத்தின் சொத்து, தொடக் கூடாது. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாததால், சிலர் எடுக்கக் கூடாததை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பலர் தங்கள் சொந்தக் கடிதங்களைக்கூட எடுக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் பணம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்பவர்கள் அதை ஆறு மாதச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டு, நம்மால் ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு சம்பளத்துக்கு இல்லை. வாடகை, சாப்பாடு, கடன் தவணை, மருந்து, பிள்ளைகளின் கட்டணம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு மட்டும்தான். ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இதில் நீங்களும் உதவலாம். சம்பளத்தில் ஒரு சிறு பங்கு நேராக இன்னொரு கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். கண்ணில் படாத பணம் செலவாகாது. சேமிப்பு முழுவதையும் சொந்த நிறுவனத்தின் பங்குகளில் போட வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுவனம் சறுக்கினால் வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போய்விடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் உடன்படிக்கை, பணிநீக்கத்துக்கு முன் நியாயமான அறிவிப்புக் காலம் அல்லது அதற்கு ஈடான தொகை தர வேண்டும் என்கிறது. கடுமையான தவறு செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டின் 166ஆம் பரிந்துரை, அறிவிப்புக் காலத்தில் சம்பளப் பிடித்தமின்றி வேலை தேட நேரம் தர வேண்டும், கேட்டால் பணிச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் சொல்கிறது. உடன்படிக்கையை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை, பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயமும் இல்லை. அதனால் என்ன? பணிச் சான்றிதழ் ஒரு பக்கக் கடிதம். அதைத் தர எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

இப்படிப் பேசினால் ஆட்கள் பயந்து வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். வேலை போய்விடுமோ என்ற நினைப்பில் தூங்காமல் கிடந்த இரவுகள்தான் குறைந்திருக்கும்.

அடுத்து வேலையில் சேரும் குழுவுக்கு இந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். யாரையாவது அனுப்பியே ஆக வேண்டிய நாள் வந்தால், தன் காகிதங்களை எடுத்துக்கொள்ளவும் தெரிந்தவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளவும் அன்று மாலை வரையாவது அவருக்கு நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் ஊழியர்