வசந்திக்கு: ட்ரையாங்கிள் தீவிபத்தும் அதற்குப் பிறகும்

நியூ ஜெர்சி
பிப்ரவரி 9

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை நிரந்தரமான செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். குளிர்தான் முழங்காலைப் படுத்துகிறது.

மகளிர் தினத்தன்று பனியன் கம்பெனிப் பெண்களிடம் பேசப் போவதாக எழுதியிருந்தாய். நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் கம்பெனியில் நடந்த தீவிபத்தைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாய். நல்லது, ஆனால் முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். அந்தத் தீவிபத்தால் மகளிர் தினம் வரவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் முதல் சர்வதேச மகளிர் தினம் கொண்டாடியது 1911 மார்ச் 19. தீ பிடித்தது அதற்கு ஆறு நாள் கழித்து, மார்ச் 25. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் பின்னால் வந்தது. மேடையில் பேசும்போது தேதி தப்பாகிவிடக் கூடாது பார்.

போன மாதம் மகளோடு போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பத்து மாடிக் கட்டடம், இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகள் இருக்கின்றன. 2023இல்தான் நினைவுச்சின்னம் வைத்தார்கள். நடைபாதைக்கு மேலே ஓடும் எஃகுப் பட்டையில் இறந்தவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். கீழே இடுப்பளவு உயரத்தில் உள்ள கருப்புப் பலகையில் அந்தப் பெயர்கள் தெரிகின்றன. ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறது. அக்கா தங்கையாக, தாயும் மகளுமாக ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்கள்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் ட்ரையாங்கிள் கம்பெனி. பெண்கள் போடும் மேல்சட்டை தைக்கும் இடம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் மேஜைக்கு அடியில் குவிந்திருந்த வேஸ்ட் துணியில் தீ பிடித்தது. ஜனவரியில் அள்ளியதோடு சரி, அப்புறம் அதை யாரும் அள்ளவே இல்லை. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அங்கிருந்த முதலாளிகள் பிளாங்க், ஹாரிஸ் இருவரும் மொட்டை மாடி வழியாகத் தப்பிவிட்டார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்குத் தகவலே போகவில்லை.

ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டைத் தீ அடைத்துக்கொண்டது. இன்னொரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் ஒரே வாசல் வழியாக வெளியே போக வேண்டும், போகும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும், அதற்காகப் பூட்டியது. வெளிப்புறத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. கீழே விரித்த வலைகள் கிழிந்தன. லிஃப்ட் ஓட்டியவர்கள் முடிந்தவரை ஏறி இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர் செத்துப்போனார்கள். அதில் 123 பேர் பெண்கள்.

அந்தக் கதவைப் பூட்டி எவ்வளவு திருட்டைத் தடுத்தார்கள் தெரியுமா? கோர்ட்டில் ஹாரிஸிடமே கேட்டார்கள். திருட்டுப்போன சரக்கின் மதிப்பு எல்லாம் சேர்த்தாலும் 25 டாலருக்கு மேல் இருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்த ஒரு விவரத்தை மட்டும் உன் பேச்சில் விட்டுவிடாதே. கம்பெனிப் பெண்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தண்டனை கிடைத்ததா என்று கேட்டிருந்தாய். இல்லை. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்கு அந்த நேரத்தில் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உயிர் தப்பிய ஒரு பெண் நடந்ததைச் சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அவள் சொன்னதால், மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் என்று ஜூரிகள் நினைக்கும்படி செய்துவிட்டார். 1911 டிசம்பரில் இருவரும் விடுதலை. 1914இல் சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது ஓர் உயிருக்கு 75 டாலர் கொடுத்தார்கள். இதற்கு நடுவில், 1913இல், வேறொரு கட்டடத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்காக பிளாங்க் மறுபடியும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாயே, 'ரத்தம் சிந்தாமல் எந்தச் சட்டமும் வராது' என்று. அதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை வசந்தி. ட்ரையாங்கிளுக்கு நாலே மாதம் முன்பு, 1910 நவம்பரில், நான் இருக்கும் இதே மாநிலத்து நூவர்க் நகரத்தில் ஒரு தொழிற்சாலை எரிந்து 25 பெண்கள் செத்தார்கள். நியூயார்க்கின் தீயணைப்புத் தலைவர் குரோக்கர், இங்கேயும் இது நடக்கும் என்று அப்போதே எச்சரித்தார். யாரும் அசையவில்லை. சாவு மட்டும் போதும் என்றால் நூவர்க்கே போதுமாக இருந்திருக்க வேண்டும்.

நியூயார்க்கில் வேறு என்ன இருந்தது? அங்கே அந்தப் பெண்களை ஊர் ஏற்கெனவே பார்த்திருந்தது. 1909 நவம்பர் 22, கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெரிய தலைவர்கள் எல்லாம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளாரா லெம்லிச் என்ற 23 வயதுப் பெண் எழுந்து மேடைக்குப் போய், பேச்சுக் கேட்டு அலுத்துவிட்டது, வேலைநிறுத்தம் செய்வோம் என்று யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழியில் சொன்னாள். மறுநாள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இருபதாயிரம் பேர் எழுச்சி என்று அதற்குப் பெயர். பனியில் நின்றார்கள், போலீசிடமும் கூலிக்கு அமர்த்திய அடியாட்களிடமும் அடி வாங்கினார்கள். பெரும் பணக்காரர் மார்கனின் மகளே அவர்களுக்கு ஆதரவாக வந்தார். சின்னக் கம்பெனிகள் பல இறங்கி வந்து சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. ட்ரையாங்கிள் போடவில்லை. பூட்டாத கதவு, நல்ல அவசர வழி என்று அந்தப் பெண்கள் அப்போதே கேட்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துத் தீ பிடித்தபோது, அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது ஊருக்கு நினைவிருந்தது.

ஏப்ரல் 2 அன்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ஓர் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அதில் ரோஸ் ஷ்னைடர்மன் என்ற தொழிற்சங்கப் பெண், நான் இங்கே நல்லுறவு பேசினால் எரிந்துபோன உடல்களுக்குத் துரோகம் செய்தவளாவேன், தொழிலாளர்கள் தங்களைத் தாங்களேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அவர் பேசியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் இன்னொரு பெண் வேறு வழியில் போனார், எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் அவர்தான்.

ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். தீ பிடித்த அன்று பக்கத்தில் ஒரு வீட்டில் டீ குடிக்கப் போயிருந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, பெண்கள் ஜன்னலிலிருந்து குதிப்பதைக் கண்ணால் பார்த்தவர். அந்த வருஷமே மாநில அரசு தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைவர், ஆல் ஸ்மித் துணைத் தலைவர், இருவரும் உள்ளூர் கட்சி அரசியலில் ஊறியவர்கள். பெர்கின்ஸ் அவர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை, நேரில் கூட்டிக்கொண்டு போனார். கயிறு திரிக்கும் ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடிந்து வரும் பெண்களின் முகத்தை விடிகாலையில் ஆல் ஸ்மித்தைப் பார்க்க வைத்தார். ஒரு தொழிற்சாலையில் அவசர வழி என்று சுவரில் ஒரு சின்னப் பொந்து இருந்தது. வாக்னரை அதற்குள் தவழ்ந்து போகச் சொன்னார். வெளியே பனி உறைந்த ஏணி, அதுவும் தரையிலிருந்து 12 அடி உயரத்தில் முடிந்துவிட்டது. உணவு டப்பாவில் அடைக்கும் ஆலையில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பீன்ஸ் நறுக்குவதைக் காட்டினார். சட்டம் எழுதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவது எவ்வளவு பெரிய வேலை! நாலு வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீயணைப்புப் பயிற்சி, தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், கழிப்பறை, குழந்தைத் தொழில் என்று ஒவ்வொன்றாக.

1912இல் பெண்களுக்கு வாரம் 54 மணி நேரம்தான் வேலை என்ற மசோதா வந்தபோது, டப்பா ஆலைகளுக்கு விலக்கு கொடுத்து அதைக் குலைக்கப் பார்த்தார்கள். விலக்கோடு வந்தால் பெர்கின்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், மசோதா செத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் பெர்கின்ஸ் அதை விலக்கோடேயே ஏற்றுக்கொண்டார். ஓட்டு குறைந்தபோது, இரவுப் படகுக்குக் கிளம்பிவிட்ட மாநில செனட்டர் டிம் சல்லிவனைத் திரும்ப வரவழைத்தார்கள். தன் சகோதரியும் சின்ன வயதில் வேலைக்குப் போனவள் என்று சொன்ன ஆள் அவர். மசோதா நிறைவேறியது. கொள்கைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்த பெர்கின்ஸை அவருடைய குருவான ஃபுளோரன்ஸ் கெல்லி பாராட்டினாராம். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இதே பெர்கின்ஸ்தான் 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சர், அந்த நாட்டின் முதல் பெண் அமைச்சர். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். ஆனால் இரண்டிலும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டார்கள். தெற்கு மாநிலங்களில் கருப்பினப் பெண்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். மேடையில் பேசும்போது இதையும் மறைக்காதே.

சட்டம் வந்தால் மட்டும் போதாது என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரம் இருக்கிறது. 1912இல் அந்த மாநிலம் வேலை நேரத்தை வாரம் 56இலிருந்து 54 ஆகக் குறைத்தது. ஆலை முதலாளிகள் சம்பளத்தையும் குறைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பல மொழி பேசுகிறவர்கள், ஒன்றாக வெளியே வந்து இரண்டு மாதம் நின்று ஜெயித்தார்கள்.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1919இல் வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நடந்தபோது, இந்தியத் தொழிலாளர் தரப்பில் என்.எம்.ஜோஷியோடு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான பி.பி.வாடியாவும் போயிருந்தார். வாரம் 48 மணி நேரம் என்று மாநாடு முடிவு செய்தது, ஆனால் இந்தியாவுக்கு 60 என்று எழுதினார்கள். உன் கூட்டத்தில் இதைச் சொன்னால் பெண்கள் கண்டிப்பாகக் கேள்வி கேட்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் எனக்காக ஒன்று செய். வந்திருப்பவர்களிடம், உங்கள் கம்பெனியில் இரண்டாவது வாசல் இருக்கிறதா, ஷிஃப்ட் நேரத்தில் அது திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் வேலைக்குப் பிரச்சினை வரக் கூடாது. பதிலை மட்டும் குறித்து அனுப்பு. ஏப்ரலில் நான் ஊருக்கு வந்ததும் அதை வைத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.

அண்ணனுக்கு என் வணக்கம். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
மல்லிகா