கண்ணாடி வேண்டாம்

கரோல் பாக், டெல்லி

அன்புள்ள கண்ணா,

நான் வரைந்து தைத்த துணி ஓவியம் பார்சலில் வந்து சேர்ந்ததில் சந்தோஷம். ஆனால் கண்ணாடிச் சட்டம் போட அளவு கொடுத்திருக்கிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா" என்றுவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய்.

அது துணிடா. காற்றில் கொஞ்சம் அசைய வேண்டும். கண்ணாடி அழுந்திக் கிடந்தால் உள்ளே ஈரம் தங்கும், பெயிண்ட் அதில் ஒட்டிக்கொள்ளும். மேல் விளிம்பை மடித்துத் தைத்திருக்கிறேன். கர்ட்டன் கம்பியைச் செருகித் தொங்கவிடு. நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

நடுவில் இருக்கும் வெள்ளை, அப்பாவின் வேட்டி. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், சொல்லிவிடாதே. பழைய வேட்டி எதற்கென்றால், புதுத்துணியில் கஞ்சி இருக்கும். அது தெரியாமல் முதல் தடவை புதுக் காடாத்துணியில் அக்ரிலிக் பூசி, ஒரு வாரம் உட்கார்ந்து சங்கிலித் தையலும் போட்டு, அலசினேன். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து பக்கெட்டில் மிதந்தது. அழுதேவிட்டேன்.

கறுப்புக் கோடுகள் கடைச் சரக்கு இல்லை. துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர். பால்கனியில் ஒரு பானையில் மூன்று வாரம். துணியில் மூங்கில் பேனாவால் படம் வரையும் கலம்காரிக்காரர்களின் வழி. எதிர்வீட்டு ஆன்ட்டி மோப்பம் பிடித்து, என்ன ஊறுகாய் என்று கேட்டாள். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்து நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்புதான் சாயத்தைப் பரவவிடாமல் பிடிக்கும். நான் சிக்கனம் பார்த்து, கொழுப்பு குறைந்த டோண்டு பாலை ஊற்ற, கோடெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர்விட்டது. கலம்காரிக்காரர்கள் ஏன் எருமைப்பாலைத் தேடுகிறார்கள் என்று அப்போது புரிந்தது. ஆணித் தண்ணீர் தனியாகப் பார்த்தால் வெறும் பழுப்பு. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுத்துப்போகும் பார், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

2015-இல் இங்கே டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸ் கலைக்கூடத்தில் மிருணாளினி முகர்ஜியின் சணல் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு போன் செய்தேனே! தறி கிடையாது. கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளைவிட உயரமாக நிறுத்தியிருந்தார். அப்பா, "நம்ம மாட்டுக் கயிறுதானே" என்றார். எனக்கோ ஊர்த் தேரில் ஆடும் தொம்பை ஞாபகம். வண்ணத் துணியை வெட்டித் தைத்தது. வெயிலும் காற்றும்தான் அதற்குச் சட்டம். மறுநாள் ஊசியை எடுத்தேன். அப்போது எனக்கு 56 வயது.

அப்புறம், "அம்மா பொழுதுபோக்குக்கு எம்பிராய்டரி பண்ணுவாங்க" என்று உன் நண்பர்களிடம் சொல்கிறாயாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. பொழுது எனக்குத் தானாகவே போகும். எங்கே கற்றுக்கொண்டார் என்று அவர்கள் கேட்டால், மூன்று மீட்டர் காடாவும் இரண்டு வேட்டியும் பாழான பிறகு தானாக வந்தது என்று சொல். ஆமாம், இரண்டு. அதையும் அப்பாவிடம் சொல்லாதே.

சட்டக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால், உங்கள் கல்யாண போட்டோவுக்குப் போட்டுக்கொள்.

அம்மா