பதில் சொல்லாதவரை ஒப்புக்கொண்டவராக்காதீர்கள்

கேரள-தமிழக எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில், விதிகளை மாற்றுவதே ஆட்டமாக இருக்கும் நாமிக்கை ஆடும் குழுவின் நிர்வாகிகளுக்கும் சக ஆட்டக்காரர்களுக்கும் வணக்கம்.

இப்போது டெலிகிராமில் ஓட்டுக்கு வந்திருக்கும் முன்மொழிவு சொல்வது இதுதான்: ஏழு நாளுக்குள் பதில் போடாதவர் சம்மதித்ததாகக் கணக்கு. குழுவில் சேர்க்கப்பட்ட எண் எல்லாம் ஆட்டக்காரர். விலகுவதற்குப் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். இந்த முன்மொழிவை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

நாமிக்கை 1982-ல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் உருவாக்கியபோது, நடப்பிலுள்ள எல்லா விதிக்கும் எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று 101-ஆம் விதியிலேயே சொல்லிவிட்டார். அவரேதான் 113-ல், யாரும் எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை விட்டு விலகலாம் என்றும் எழுதினார். நாளைக்கு என்ன விதி வரும் என்று தெரியாமலே நாம் சேருகிறோம். பிடிக்காவிட்டால் கிளம்பலாம் என்பதால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு.

நாம் தொடங்கியதும் சூபரின் விதிகளோடுதான். 113 மாற்ற முடியாத வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து அதை மாற்றக்கூடிய வரிசைக்கு இறக்க எல்லோரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஆனால் சாதாரணப் பெரும்பான்மையில் ‘பதில் இல்லையென்றால் ஆம்’ என்பது நிறைவேறிவிட்டால் என்ன ஆகும்? தேர்வு சமயத்திலோ தோப்பில் தேங்காய் வெட்டும் வாரத்திலோ 113-ஐ ஓட்டுக்கு விட்டால் போதும், பாதிப்பேர் வாய் திறக்காமலே ஒருமனது கிடைத்துவிடும். முன்மொழிந்தவர் இதை நினைத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

அப்புறம் மொழி. இந்த முன்மொழிவு மலையாளத்தில் மட்டும் வந்தது. தமிழ் வழியில் படித்த ஒரு தம்பி பஸ் போர்டு வரைக்கும் மலையாளம் வாசிப்பான். உட்பிரிவோடு வரும் நீண்ட விதியை வாசிக்கமாட்டான். “அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதற்குள் அவனுடைய கெடுவில் இரண்டு நாள் போய்விட்டது. கேரள அரசுக்கே தமிழில் கடிதம் எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்தது. நம் ஆட்டத்தில் அந்த இடம் இல்லாமல் போகலாமா?

ஓட்டு நிறையாமல் ஆட்டம் நின்றுபோகிறது என்ற உங்கள் கவலை நியாயம்தான். அதற்கு, பதில் போடாதவரை ஓய்வுப் பட்டியலில் வையுங்கள், ஓட்டுக்கணக்கில் சேர்க்காதீர்கள். “வந்துட்டேன்” என்று அவரே சொன்னதும் திரும்பச் சேருங்கள். 1993 முதல் இணையத்தில் நடக்கும் அகோரா என்ற நாமிக் ஆட்டத்திலும், சேருகிறேன் என்று தானே அறிவித்தவர்தான் ஆட்டக்காரர்.

முன்மொழிவைத் திரும்பப் பெற்று, மூன்று பகுதியையும் தனித்தனியாக, இரண்டு மொழியிலும் போடுங்கள். விலகல் பற்றிய பகுதிக்கு என் ஓட்டு ‘இல்லை’.

அன்புடன்,
வேலந்தாவளத்து ஆட்டக்காரன்