மார்கழியில் பாதி கிளாஸ்

அன்புள்ள கண்ணா,

மெல்போர்னில் இப்போது வெயில் கொளுத்தும். இங்கே பெல்ஜியத்தில், லூவனில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு அப்பாவும் நானும் மெக்கெலன் போயிருந்தோம். அங்கே பழைய பெகைன் குடியிருப்புக்குள் ஹெட் ஆன்கர் என்ற பீர் ஆலை இருக்கிறது. பெகைன்கள் என்றால் கன்னியாஸ்திரீகள் அல்ல. திருமணம் செய்துகொள்ளாமல் பக்தியோடு சேர்ந்து வாழ்ந்த பெண்கள். தங்கள் மருத்துவமனைக்காக அவர்கள் பீர் காய்ச்சினார்கள். 1471இல் அதற்கு வரிவிலக்கே கிடைத்ததாம். பீர் என்றாலே ஆண்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்த எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே சந்தோஷமாக இருந்தது.

அங்கே கௌடன் கரோலுஸ் கிறிஸ்துமஸ் பீர் வாங்கினோம். ஆமாம், நானும் குடித்தேன். 33 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்று, ஆளுக்குப் பாதி. இதில் ஆல்கஹால் 10.5 சதவீதம், அதாவது ஒரு பாட்டில் சாதாரண பீர் இரண்டுக்குச் சமம். பாதிக்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வாய் அகன்ற கிளாஸில் ஊற்றினார்கள். கருஞ்சிவப்பு நிறம், மேலே பழுப்பு நுரை. ஜில்லென்று இருந்தபோது இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளாஸைக் கையில் பிடித்து வைத்திருக்கச் சொன்னார் பரிமாறிய பெண். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் விட்டதும் வாசனை எழுந்தது பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் ஆச்சி மார்கழியில் போடும் சுக்கு மல்லி காபி! கருப்பட்டி கரையும்போது வருமே, அந்தக் கருகல் இனிப்பு. பின்னால் உலர்திராட்சை. விழுங்கிய பிறகு நெஞ்சில் மெல்ல ஒரு சூடு.

ஆகஸ்டு கடைசியில் காய்ச்சி, சில மாதம் ஆறவிட்டுத்தான் விற்கிறார்களாம். ஆறு வகை மூலிகையும் மசாலாவும் சேர்கின்றன. கிராம்பு நிச்சயம் உண்டு என்று அடித்துச் சொன்னேன். பக்கத்து மேசைப் பெரியவர் சிரித்தார். கிராம்பு போடாமலே பெல்ஜிய ஈஸ்ட்டுகள் பல கிராம்பு வாசனையைக் கொடுக்குமாம், சில வாழைப்பழ வாசனையையும். முப்பது வருஷம் சமைத்த மூக்கு எனக்கு. அதுவே ஏமாறலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

சரி, சொல்ல வந்தது இதுதான். நீ காலேஜில் இருந்தபோது பீர் கிளாஸோடு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அது என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. தாத்தா குடித்துவிட்டு வந்த ராத்திரிகளை நினைத்து பயந்தேன். அந்த பயம் இன்னும் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. ஆனால் எவ்வளவு, யாரோடு என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது தப்பு. மன்னித்துக்கொள், கண்ணா.

இன்னொரு பாட்டில் வாங்கி வந்து, கீழே நிலவறையில் வெளிச்சம் படாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த மாதிரி கனமான பீர் வருஷக்கணக்கில் தாங்கும். ஜூலையில் நீ வரும்போது நாம் இருவரும் பாதிப் பாதி. அடியில் ஈஸ்ட் தங்கியிருக்கும், ஊற்றும்போது கடைசி ஒரு விரற்கடை விட்டுவிட வேண்டும்.

அந்த ஆறு வகை மசாலாவில் நான் கண்டுபிடித்தது என்று நான்கு பெயரை ஒரு சீட்டில் எழுதி பாட்டிலின் கழுத்தில் கட்டியிருக்கிறேன். நீ குடித்துவிட்டு உன் நான்கைச் சொல், அப்புறம் சீட்டைப் பிரிக்கலாம்.

அன்புடன்,
அம்மா